பெண்ணுக்குத் தூக்குக் கிடையாது

வக்கீல் சன்னது வாங்கி, கறுப்புக் கவுனை மாட்டிக்கொண்டு நாகர்கோவில் கோர்ட்டுக்குள் முதல் நாள் நான் நுழைந்தபோது, வாசலில் நின்ற சேவகன் கையை நீட்டித் தடுத்தான்.

"சாட்சி சொல்ல வந்தவங்கல்லாம் அந்த மரத்து மூட்டுல இருக்கணும்" என்றான்.

நான் போட்டிருந்த கவுனை அவன் பார்க்காமல் இல்லை. ஏதோ நேர்ச்சை வேண்டுதலுக்காக உடுத்தியிருக்கிறேன் என்று நினைத்ததாகப் பின்னால் அவனே என்னிடம் சொன்னான். அதுவரை அந்தக் கட்டடத்துக்குள் பெண்கள் வந்தது சாட்சியாகவோ, வாதியாகவோ, குற்றவாளியாகவோதான். எங்கள் ஊரான கொட்டாரத்தில், மருமக்கள்வழி வழக்கப்படி, வயலும் வீடும் என் தாய்மாமன் ஆட்சியில் இருந்தன. நான் சட்டம் படிக்கத் திருவனந்தபுரம் போகிறேன் என்றபோது அவர் சொன்னதும் ஏறக்குறைய அதேதான்: "எளா, பொட்டப்பிள்ள கோர்ட்டுக்குப் போனா கூண்டுலதான் நிப்பா. வேற எங்கயாக்கும் நிக்கப்போற?" பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த என் அப்பா மறுநாள் என் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

வக்கீல்கள் உட்காரும் அறையில் எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். வெளியே வந்தால் மறுபடி தொடங்கும், அவ்வளவுதான். வழக்குகள்தான் வரவில்லை. என்னைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்ட பெரிய வக்கீலின் வழக்குக் கட்டுகளை வாசித்துக் குறிப்பு எடுத்துக் கொடுப்பேன். ஒருமுறை ஒரு விதவை தன் பாகப்பிரிவினை வழக்கை எனக்குக் கொடுக்க ஆசைப்பட்டு வந்தாள். கூட வந்த அவள் தம்பி, என் முன்னாலேயே, "பொம்பள வக்கீலு பேசினா ஜட்ஜிக்குக் கேக்குமா அக்கா?" என்று கேட்டான். அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே சந்தேகப்பட்டான். அதுதான் என்னை அதிகம் உலுக்கியது.

இப்படி இருந்த நாட்களில்தான் செஷன்ஸ் ஜட்ஜ் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். அவர் வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த மலையாளி. வயதானவர், அதிகம் பேசாதவர்.

"ஒரு கொலைக்கேஸ் உண்டு. பிரதி, குற்றம் சாட்டப்பட்டது, ஒரு ஸ்திரீ. வக்கீல் வைக்க வழியில்லை. நீங்கள் எடுக்குமா?" என்றார்.

கொலை வழக்கை எடுத்து நடத்தும் வயதும் அனுபவமும் எனக்கு இல்லை. அதை அவரிடம் சொன்னேன்.

"பயப்படவேண்டா. பெண்ணுக்குத் தூக்குக் கிடையாது அல்லவா? நீங்கள் தோற்றாலும் ஓர் உயிர் போகாது" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அன்றைய திருவிதாங்கூர் சட்டப்படி எந்தப் பெண்ணையும் தூக்கில் போட முடியாது. கொலை செய்தவள் என்று தீர்ப்பானால் ஆயுள் தண்டனைதான் உச்சம். படிக்கும் காலத்தில் அந்தச் சட்டப்பிரிவைப் பார்த்துவிட்டு, நம் ராஜ்யம் எவ்வளவு இரக்கமுள்ள ராஜ்யம் என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

வழக்கு சிக்கலில்லாததாகத்தான் தெரிந்தது. கன்னியாகுமரிக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர். மீன்பிடிக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் இடம். மாதா கோவில் தேர்த் திருநாளன்று சாயங்காலம், தேர் நிலைக்கு வந்த வேளையில், கட்டுமரங்களைக் கரையேற்றி வைத்திருக்கும் இடத்தில், ஒரு மீனவன் மண்டை பிளந்து கிடந்தான். சில நாட்கள் கழித்து, அதே ஊரைச் சேர்ந்த ஒருத்தி மாமனாருடன் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, தானே துடுப்பால் அடித்துக் கொன்றதாகச் சொன்னாள். மாஜிஸ்திரேட் முன்பும் அதையே சொன்னாள். அவன் தன் கையைப் பிடித்து இழுத்தான், மானத்தைக் காப்பாற்ற அடித்தேன் என்பது அவள் வாக்குமூலம். 'கைக்குழந்தையுடன் ஆஜரானாள்' என்று அதில் ஒரு வரி இருந்தது. வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்கு வந்து சேர்வதற்குள் சில மாதங்கள் ஓடியிருந்தன.

எனக்கு உள்ளூர நம்பிக்கை வந்தது. மானத்தைக் காக்க ஒரு பெண் அடித்தால், எதிரி செத்தே போனாலும் சட்டம் அவளைத் தண்டிக்காது. தற்காப்பு என்று வாதாடி அவளை விடுவித்துவிடலாம். அந்த எண்ணத்தோடுதான் ஜெயிலுக்கு அவளைப் பார்க்கப் போனேன்.

ஆண் வக்கீல்கள் பெண் கைதிகளோடு கம்பிக்கு வெளியே நின்று, காவலர் கேட்கத்தான் பேசவேண்டும். என்னை உள்ளே போகவிட்டார்கள். பெண்கள் பகுதியில் ஒரு வேப்பமரத்தின் நிழலில், தரையில், அவளோடு உட்கார்ந்தேன். அவளுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கலாம். வெயிலும் உப்புக் காற்றும் பட்ட முகம், திடமான கைகள். மடியில் ஓர் ஆண் குழந்தை. வீட்டில் மாமியாரிடம் இன்னும் இரண்டு பெண் குழந்தைகள் இருப்பதாகச் சொன்னாள்.

"என்ன நடந்தது? முதலில் இருந்து சொல்லு" என்றேன்.

"கடப்புறத்துக்குப் போனேன். அவன் வந்து கையப் பிடிச்சான். விடுலேன்னேன். விடல்ல. துடுப்ப எடுத்து அடிச்சேன். விழுந்தான்."

அவ்வளவுதான். வாக்குமூலத்தில் இருந்த அதே சொற்கள், அதே வரிசையில். எந்தக் கையைப் பிடித்தான், துடுப்பு எங்கே இருந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "துடுப்ப எடுத்து அடிச்சேன். விழுந்தான்" என்றே திரும்பச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கும் பிள்ளைக்கு நடுவில் இடைமறித்தால் மறுபடி முதலடியிலிருந்துதான் வரும். அப்படி இருந்தது.

அவள் தண்ணீர் குடிக்கக் குழந்தையை என்னிடம் தந்தாள். நல்ல கனமான பிள்ளை. என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. பேச்சு கொடுப்பதற்காக, வேறெந்த நோக்கமும் இல்லாமல், "எப்போது பிறந்தான் இவன்?" என்று கேட்டேன்.

முதன்முதலாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. "தேரன்னைக்கு. தேரு நெலைக்கு வந்தப்ப வேட்டுப் போட்டாவ பாத்தியளா, அந்தச் சத்தத்தோட சத்தமா வந்து விழுந்தான். பேறு பாத்த வயத்தாட்டி சொன்னா, இவன் மாதா குடுத்த பிள்ளையாக்கும்னு."

எனக்கு ஒரு நிமிஷம் காது அடைத்ததுபோல் இருந்தது. அந்த மீனவன் செத்ததும் தேரன்றைக்குத்தான், தேர் நிலைக்கு வந்த அந்தச் சாயங்காலத்தில்தான்.

அவளும் அதற்குள் தான் சொன்னதை உணர்ந்துவிட்டாள். எழுந்து குழந்தையைப் பிடுங்குவதுபோல் வாங்கிக்கொண்டாள்.

"பேறுவலியில் கிடந்தவள் கடற்கரைக்கு எப்படிப் போனாய்?" என்றேன்.

அவள் வேப்பமரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அடித்தது யார்?"

"நானாக்கும்."

"உன் புருஷனா?"

அவள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு என் காலடியில் குனிந்தாள். "வக்கீலம்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். வெளிய சொல்லாண்டாம். கட்டுமரம் ஏத்தி வைக்கிற எடத்துக்காக ரெண்டுபேருக்கும் சண்டை. இவரு அடிச்சுப்போட்டாரு. கொல்லணும்னு அடிக்கல்ல. இவருன்னு தெரிஞ்சா தூக்குல போட்டுருவாவ. எனக்குத் தூக்கு இல்லேல்லா? பொம்பளைக்குத் தூக்கு கெடையாதுன்னு ஊருக்குள்ள பெரியவங்க சொன்னாவ. நான் உள்ள கெடந்தாலும் இவரு கடலுக்குப் போயி பிள்ளையளுக்குக் கஞ்சி ஊத்துவாரு. இவரு போயிட்டா நாங்க எல்லாரும் போனமாதிரிதான்."

"இதை யார் உன்னிடம் சொன்னது?"

"மாமியா. மாமனாரு. எல்லாருந்தான். பேறு கழிஞ்சு பாயில கெடக்கயிலே எல்லாரும் சுத்தி வந்து இருந்தாவ."

"உன் புருஷன் என்ன சொன்னான்?"

"அவரு ஒண்ணும் சொல்லல்ல. தலையக் குனிஞ்சு இருந்தாரு."

பிறந்த குழந்தையின் ரத்தம் உலராத பாயைச் சுற்றி உட்கார்ந்து ஒரு குடும்பமே இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. போலீஸ் பார்த்தது, மாஜிஸ்திரேட் பார்த்தார், எழுதியவன் 'கைக்குழந்தையுடன்' என்று எழுதவும் செய்தான். குழந்தைக்கு என்ன வயது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் பெருமைப்பட்ட அந்த இரக்கமுள்ள சட்டம் ஒரு கடற்கரைக் குடிசைக்குள் போய் இந்த வேலையைச் செய்திருக்கிறது.

ஜெயிலிலிருந்து நேராகப் பெரிய வக்கீல் வீட்டுக்குப் போனேன். மத்தியானச் சாப்பாடு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதறுவார் என்று எதிர்பார்த்தேன். காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

"உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"இந்தக் கேஸ் தெரியாது. இதுமாதிரி கேஸ் பாத்திருக்கேன். ஒண்ணுல அம்மா வந்து நின்னா, ஒண்ணுல தங்கச்சி. பெண்ணுக்குத் தூக்குக் கெடையாதுன்னு ராஜ்யத்துல எவனுக்குத் தெரியாது? சட்டப்புத்தகத்துல வேற எது தெரியாட்டாலும் அது தெரியும்."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"கட்சிக்காரி நான்தான் கொன்னேன்னு நிக்கும்போது வக்கீலு என்ன செய்ய?"

அவரை நான் தெய்வம்போல் மதித்திருந்தேன். அவர் கெட்டவர் இல்லை என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். சற்று இரங்கிய குரலில், "நீ வக்கீலு, போலீஸ் இல்ல. பொய்னு தெரிஞ்ச கதைய ஒன் வாயால சொல்லாதே. அவ மறைக்கச் சொன்னதையும் சொல்லாதே. சர்க்கார் வக்கீல் கொண்டுவார சாட்சியில ஓட்டை இருந்தா காட்டு. அதுக்குமேல ஒனக்கு வழியில்ல" என்றார்.

மறுபடி ஜெயிலுக்குப் போய் அவளிடம் மன்றாடினேன். யார் அடித்தது என்று நான் கேட்கவே மாட்டேன், நீ எங்கே இருந்தாய் என்று மட்டும் நிரூபிக்கிறேன் என்றேன். அவள் ஒப்பவில்லை. "நான் இல்லேன்னா பின்ன யாருன்னு தேடுவாவல்லா?" என்றாள். "நீங்க வாயத் தொறந்தா எனக்க தாலி போயிரும். அது ஒங்க கணக்குல வரும், பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

விசாரணை நாள் வந்தது. கோர்ட்டுக்குள் நிற்க இடமில்லை. கொலைகாரியைப் பார்க்கப் பாதிக் கூட்டம், பெண் வக்கீலைப் பார்க்கப் பாதிக் கூட்டம். ஜன்னல் கம்பிகளில் எல்லாம் முகங்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கூண்டில் நின்றாள். செத்தவனின் மனைவி கறுப்புச் சேலையை முக்காடிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் வந்த சாட்சிகள் பிணத்தைக் கண்டவர்களும், காயத்தைப் பரிசோதித்த டாக்டரும். அதன்பிறகு சர்க்கார் வக்கீல் கூப்பிட்ட சாட்சியின் பெயரைக் கேட்டு நான் திடுக்கிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் வாய் பாதி திறந்திருந்தது. சாட்சிக் கூண்டில் ஏறியது அவள் புருஷன்.

அவன் வருவான் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. எனக்குத் தந்த சாட்சிப் பட்டியலிலும் அவன் பெயர் இல்லை. எனக்கும் அதன் காரணம் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. மானத்தைக் காக்க அடித்தாள் என்ற கதை நின்றால் அவள் விடுதலையாகிவிடுவாள். சர்க்கார் தரப்புக்கு அது கொலை என்று ஆகவேண்டும். அதற்கு வேறு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைச் சொல்ல அவனைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவனுக்கோ, அவள் வெளியே வந்துவிட்டால் போலீஸ் தன் பக்கம் திரும்பும் என்ற பயம்.

"செத்தவனுக்கும் உன் மனைவிக்கும் பழக்கம் உண்டா?" என்று சர்க்கார் வக்கீல் கேட்டார்.

"உண்டு ஏமானே."

"என்ன பழக்கம்?"

"தொடுப்பாக்கும். ஊருக்கே தெரியும். அன்னைக்குக் கடப்புறத்துல ரெண்டுபேருக்கும் பேச்சு முத்தி இவ துடுப்ப எடுத்து அடிச்சா. நான் தூரத்துல நின்னு பாத்தேன்."

கூட்டம் சலசலத்தது. சர்க்கார் வக்கீல் உட்காரப் போனார். அவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் அதற்குமேல் அவனிடம் கேட்கவில்லை. கூட்டத்தைப் பார்த்த தைரியத்திலோ, பயத்திலோ, அவனாகவே கையை நீட்டிச் சொன்னான்:

"அவ இடுப்புல இருக்குல்லா, அந்தப் பிள்ளயே எனக்க பிள்ள இல்ல ஏமானே."

நான் கல்யாணம் ஆகாதவள். இருந்தும் அதை என்னிடமே சொன்னதுபோல் உடம்பு கூசியது. கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அவள் அழவில்லை. மிக அன்னியமான ஏதோ ஒன்றைப் பார்ப்பதுபோல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"வக்கீலம்மா, கேளுங்க. இனி கேளுங்க."

சர்க்கார் வக்கீல் துள்ளி எழுந்தார். ஜட்ஜ் கையமர்த்தி, "பிரதி தன்னுடைய வக்கீலிடம் சொல்கிறாள். அதற்கு அவகாசம் உண்டு" என்றார்.

நான் எழுந்தேன். என் முதல் கேள்வி யாருக்கும் கேட்கவில்லை. "சத்தமாக" என்றார் ஜட்ஜ். மறுபடி கேட்டேன்.

"தேரன்றைக்கு உன் வீட்டுக்கு வயத்தாட்டி வந்தாளா?"

அவன் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. சர்க்கார் வக்கீலைப் பார்த்தான். அவருக்கும் ஒன்றும் தெரியாது.

"வந்தாளா, இல்லையா?"

"வந்தா."

"கூட்டிவந்தது யார்?"

"எனக்க அம்ம."

"எதற்கு?"

"பதில் சொல்லணும்" என்றார் ஜட்ஜ்.

"பேறுக்கு."

"யாருக்குப் பேறு?"

அவன் கண் அவள் பக்கம் போயிற்று. அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை இல்லாவிட்டால் அவன் வேறு பொய் சொல்லியிருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

"இவளுக்கு."

"பிறந்த பிள்ளை எது?"

"இதுதான்."

"எப்போது பிறந்தது?"

"தேரு நெலைக்கு வந்தப்ப. வேட்டுப் போடும்போ."

ஜட்ஜ் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அந்த நேரத்தில்தான் இவள் கடற்கரையில் துடுப்பால் அடித்ததை நீ பார்த்தாயா?"

அவன் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது: அப்படியானால் அடித்தது யார்? நான் கேட்கவில்லை. அதைக் கேட்கமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். "வேறு கேள்வி இல்லை" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

மறுநாள் வயத்தாட்டியைக் கோர்ட்டே வரவழைத்தது. பிள்ளை பிறந்தது வேட்டுப் போட்ட நேரத்தில்தான், தன்னிடம் யாரும் கேட்கவில்லை, அதனால் முன்பே சொல்லவில்லை என்றாள். ஜட்ஜ் என் கட்சிக்காரியை விடுதலை செய்தார். தீர்ப்பை வாசித்து முடித்தபின், தாமும் அந்தக் குழந்தையை இத்தனை நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்ததாக மெதுவாகச் சொன்னார். அதை யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

வெளியே மரத்தடியில் செத்தவனின் மனைவி என்னை நோக்கி வந்தாள். சபிக்கப்போகிறாள் என்று பயந்து நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்க மாப்பிள அவ கையப் பிடிக்கல்லேன்னு எனக்குத் தெரியும். இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுதுல்லா" என்றாள். அவ்வளவு நாளும் அவள் புருஷனை இழந்தவளாக மட்டும் அல்ல, பெண்களின் கையைப் பிடிப்பவனுடைய மனைவியாகவும் அந்த ஊரில் நடமாடியிருக்கிறாள். இதை நான் ஒருமுறைகூட யோசித்துப் பார்த்ததில்லை.

என் கட்சிக்காரியின் புருஷன் மேல் வழக்கு வந்தது. அதில் நான் ஆஜராகவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அவனுடைய வக்கீல் எதையும் மறைக்கவில்லை. கட்டுமரம் ஏற்றும் இடத்தைப் பற்றித் திடீரென்று மூண்ட சண்டை, கொல்லும் எண்ணமில்லை, கையில் கிடைத்ததை எடுத்து ஒரே அடி. ஜட்ஜ் அதை ஒப்புக்கொண்டார். அது கொலையே அல்ல, அதைவிடக் குறைந்த குற்றம் என்று தீர்த்துச் சில வருஷச் சிறைதான் விதித்தார்.

முதல் நாளே அவன் போய் உண்மையைச் சொல்லியிருந்தாலும் இதே தண்டனைதான் கிடைத்திருக்கும். அவன் கழுத்துக்குக் கயிறு எப்போதுமே வந்திருக்காது. பேறு கழிந்த பாயில் கிடந்தவள் தன் ஆயுளையும் மானத்தையும் எடுத்துக் கொடுத்தது, வரவே வராத ஒரு தூக்குக்காக. அந்த ஊரில் அவர்களுக்குத் தெரிந்த சட்டம் ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இவ்வளவும் செய்தார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு வழக்குகள் வந்தன. அந்த வரியைச் சட்டத்திலிருந்து எடுக்கவேண்டும் என்று கூட்டங்களில் பேசவும் தொடங்கினேன். ஆணுக்கு உள்ள தண்டனை பெண்ணுக்கும் இருக்கட்டும், இல்லாவிட்டால் இருவருக்குமே தூக்கு வேண்டாம் என்பேன். ஆண்கள் கைதட்டினார்கள். பெண்கள்தான் என்மேல் கோபப்பட்டார்கள். நாகர்கோவிலில் ஒரு கூட்டத்தில் முன்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து, "பொண்ணாப் பொறந்து பொண்ணத் தூக்குல போடச் சொல்லுதியே, ஒனக்கு ஈரக்கொல இல்லியா மக்கா?" என்று கேட்டாள். பெயர் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். ஒப்புக்கொண்டாளா என்று தெரியாது.

சில வருஷங்களில் சர்க்கார் என்னை முன்சீபாக நியமித்தது. உத்தரவு வந்த அன்று அதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் நம்பாமல் தாமே வாங்கி மறுபடி வாசித்தார். முதல் வாரம் முழுக்கக் கோர்ட் வாசலில் வேடிக்கைக்காரர்கள். முதல் வழக்கில் வாதாடிய வக்கீல், எனக்கு அப்பா வயதுள்ளவர், என்னை எப்படி அழைப்பது என்று தெரியாமல் "சாரே... அம்மா..." என்று தடுமாறி, கடைசியில் எதையும் சொல்லாமல் விஷயத்துக்கு வந்தார். ஒரு கட்சிக்காரர், பெண் கொடுக்கும் தீர்ப்பு மேல்கோர்ட்டில் செல்லுமா என்று என் குமஸ்தாவிடமே விசாரித்தாராம். எனக்கு அதெல்லாம் பழகிவிட்டது. கூண்டில் யார் வந்து நின்றாலும், வாக்குமூலத்தை வாசிக்குமுன் அவர்களை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடுவேன். கையில் பிள்ளை இருந்தால், எப்போது பிறந்தது என்று கேட்பேன். வக்கீல்கள் அதைப் பெண் முன்சீபின் வழக்கம் என்று தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டாரம் சந்தைப் பக்கம் வண்டியில் வந்துகொண்டிருந்தபோது அவளைக் கண்டேன். ஓலையால் முடைந்த மீன்கடவத்தை முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் இறங்கியதும் எழுந்துவிட்டாள். மூன்று பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள், பையன் பள்ளிக்கூடம் போகிறான் என்றாள். நான் கேட்கத் தயங்கியதை அவளே சொன்னாள்.

"அவரு வெளிய வந்துட்டாரு. வீட்டுலதான் இருக்காரு."

"அவனையா வீட்டில் சேர்த்தாய்? அன்றைக்கு அப்படிச் சொன்னவனையா?" என்று கேட்டுவிட்டேன்.

"சும்மா சேக்கல்லம்மா" என்றாள். "வந்தன்னைக்கு வாசல்ல நிறுத்திப்போட்டேன். ஞாயித்துக்கிழம பூசை கழிஞ்சு ஊரு முழுக்கக் கோவில் முத்தத்துல நிக்கும். அங்க வந்து, பிள்ளையத் தோள்ல தூக்கிவச்சுக்கிட்டு, இது எனக்க பிள்ளதான், நான் பொய் சொன்னேன்னு சொல்லும்னேன். கோர்ட்டுல சொன்னதுமாதிரி சத்தமாச் சொல்லணும்னேன். ரெண்டு ஞாயிறு மாட்டேன்னுட்டாரு. மாமியா அழுதா. நான் கதவத் தொறக்கல்ல. வெளிய வலை வைக்கிற கூட்டுலதான் கெடந்தாரு."

"பிறகு?"

"பெறவு சொன்னாரு."

"ஊரார் என்ன செய்தார்கள்?"

"என்ன செய்வாவ? தலையக் குனிஞ்சுக்கிட்டு போனாவ. அன்னைக்குப் பாயச் சுத்தி இருந்தவங்களும் அந்தக் கூட்டத்துல நின்னாவல்லா."

அதற்குள் யாரோ சாளை என்ன விலை என்று கேட்டார்கள். அவள் கடவத்துப் பக்கம் குனிந்து, மேலே மூடியிருந்த ஓலையை விலக்கினாள். நான் வண்டியில் ஏறினேன். நான் எழுதிய தீர்ப்புகள் அதற்குள் ஓர் அலமாரி நிறைய இருந்தன. அவள் சொன்னதைப்போன்ற ஒரு தண்டனையை எழுத எந்தச் சட்டத்திலும் இடமில்லை.